சிவிலைசேஷன் 7 எனக்கான ஆட்டமா? வாங்கும் முன் நான் கேட்காத ஒரு கேள்வி

ஒரு நாகரிகத்தைப் பழங்காலத்திலிருந்து நம் காலம்வரை வளர்த்துக்கொண்டு போகும் கம்ப்யூட்டர் வியூக ஆட்டம் சிவிலைசேஷன். அந்த வரிசைக்குள் நான் வந்தது ஐந்தாம் பாகத்தில். வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நண்பன் தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம், எழுந்தபோது தெருவில் பால்காரர் வந்துவிட்டார். 2016 அக்டோபரில் ஆறாம் பாகம் வந்ததும் அதற்கு மாறினேன். அதில் மட்டும், ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையின் கணக்குப்படி, ஆயிரத்து நூறு மணி நேரம் ஓடியிருக்கிறது. அதனால் ஏழாம் பாகம் 2025 பிப்ரவரி 11 அன்று வருகிறது என்று தெரிந்தபோது, வாங்கலாமா வேண்டாமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. எந்தப் பதிப்பை வாங்குவது என்றுதான் யோசித்தேன்.

போதாததற்குச் சோழர்கள் வேறு. டிஎல்சி என்று தனியாக விற்கும் கூடுதல் பகுதி எதுவும் வாங்கத் தேவையில்லாமல், அடிப்படை ஆட்டத்திலேயே சோழர்கள் ஒரு நாகரிகம். கலம் என்று தமிழ்ப் பெயரோடு ஒரு போர்க்கப்பல், கட்டக்கூடிய உலக அதிசயங்களில் தஞ்சைப் பெரிய கோயில். இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மேல் போனது 1025-இல், ஆட்டம் வருவது 2025-இல். இந்த ஆயிரம் ஆண்டுக் கணக்கு எனக்குள் என்னவோ செய்துவிட்டது. ஐந்து நாள் முன்னதாக, பிப்ரவரி 6-ஆம் தேதியே திறக்கும் விலை கூடிய பதிப்பையே வாங்கினேன். சோழர்கள் என்றால் தலைவராக இராசேந்திரனோ இராசராசனோ கண்டிப்பாக இருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் தேடிப் பார்க்கவில்லை.

இந்தப் பாகத்தில் தலைவர் வேறு, நாகரிகம் வேறு. யார் தலைமையில் எந்த நாகரிகத்தையும் ஆடலாம். மாக்கியவெல்லி, பெஞ்சமின் பிராங்க்ளின், இபின் பதூதா என்று நாட்டை ஆளாதவர்கள்கூடத் தலைவர்களாக வருகிறார்கள். முதல் பாகத்திலிருந்து தவறாமல் வந்துகொண்டிருந்த காந்தி இந்த முறை வெளியீட்டில் இல்லை, இந்தியாவிலிருந்து அசோகர் இருக்கிறார். சோழர்களுக்கென்று தனித் தலைவர் கிடையாது. ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிந்திருக்கிறது: பழங்காலம், கடல்வழி கண்டுபிடிப்புக் காலம், நவீன காலம். யுகம் மாறும்போது நாகரிகமும் மாறும். சோழர்கள் நடு யுகத்துக்கு உரியவர்கள். முதல் யுகத்தில் வேறு யாராகவோ இருந்துவிட்டு, பிறகு சோழராக மாறி, கடைசி யுகத்தில் மறுபடி வேறு யாராகவோ மாற வேண்டும்.

இதெல்லாம் வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்டவை. நானும் படித்தேன். ஆனால் படித்ததை வைத்து "நான் உட்கார்ந்து ஆடும்போது இது எனக்கு எப்படி இருக்கும்" என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மணி நேரம் அருமையாகப் போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். முன்பு வயலும் சுரங்கமும் அமைத்துத் தந்த பில்டர் என்ற ஆளே இல்லை. ஊரின் மக்கள்தொகை ஏறியதும் எந்தக் கட்டத்துக்கு விரிய வேண்டும் என்று கேட்கிறது, தொட்டால் அங்கே வயலோ சுரங்கமோ தானாக வந்துவிடுகிறது. பெரிய ஆறுகளில் கப்பல் போகிறது. படைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி விரல் வலிக்கவேண்டியதில்லை, ஒரு தளபதிக்குள் நான்கு படைகளை ஏற்றி ஒன்றாகக் கூட்டிப்போய் எதிரி வாசலில் இறக்கலாம். புதிதாக நிறுவும் ஊர் முதலில் சிற்றூராக இருந்து பொன் ஈட்டித் தரும், வேண்டுமென்றால் பணம் கட்டி அதை நகரமாக்கிக்கொள்ளலாம். எல்லாமே எனக்குப் பிடித்தது. அக்காவுக்கு போன் போட்டு, "உன் பையனையும் வாங்கச் சொல்லு" என்றேன்.

அடி விழுந்தது நான்காம் நாள் மாலை.

அசோகரை வைத்து மௌரியராக ஆடிக்கொண்டிருந்தேன். தெற்கே இருந்த பக்கத்து அரசோடு போர். அதன் பெரிய நகரத்தைச் சுற்றி என் படைகள் நிற்கின்றன, மதில் இடிந்துவிட்டது, இன்னும் இரண்டு டர்னில், அதாவது என் முறை இரண்டு தடவை வந்தால், உள்ளே போய்விடலாம். அதற்குள் யுகம் முடிந்தது. திரை மாறி அடுத்த நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. சோழரைத் தொட்டேன். மறுபடி மேப் வந்தபோது போரே இல்லை. தளபதிகளுக்குக் கீழே இடம் கிடைக்காத படைகள் போய்விட்டன, மிச்சமிருந்தவை வேறு இடத்தில் நின்றன. தலைநகரத்தைத் தவிர நான் வளர்த்த நகரங்கள் எல்லாம் மறுபடி சிற்றூர்களாகிவிட்டன. மேலே சோழர் என்று போட்டிருக்கிறது, தலைநகரத்தின் பெயர் பாடலிபுத்திரம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டிலும் பதின்மூன்றாம் கல்வெட்டிலும் சோழர், பாண்டியர் பெயர்கள் வருகின்றன. அவருடைய ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் இருந்தவர்களாகத்தான் வருகின்றன. மௌரியர் போய்ச் சோழராவது வரலாற்றில் நடக்காதது. சரி, இது ஆட்டம், ஆறாம் பாகத்தில் காந்தியை வைத்து அணுகுண்டு போட்டவன்தான் நான். வரலாற்றுப் பிழை என்னை வருத்தவில்லை. மூன்று மாலை உட்கார்ந்து ஒரு கதையைக் கட்டிக்கொண்டு வந்தேன், அது என் கையைவிட்டுப் போய்விட்டது. என்னை வருத்தியது அதுதான்.

மூடி வைத்தேன். ஸ்டீமில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க, வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள் இருக்க வேண்டும், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும். நான் அதற்குள் ஒன்பது மணி நேரம் ஆடியிருந்தேன்.

வியூக ஆட்டங்களில் இந்த இரண்டு மணி நேரம் ஏமாற்றக்கூடியது. ஓட்டப் பந்தய ஆட்டம் என்றால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த வகை ஆட்டங்களில் முதல் இரண்டு மணி நேரம் என்பது ஊர் வைப்பதும் சுற்றிப் பார்ப்பதும்தான், அது எந்தப் பாகத்திலும் இனிமையாகவே இருக்கும். புதிய பாகத்தின் உண்மையான மாற்றம் ஐந்தாவது மணி நேரத்திலோ பத்தாவது மணி நேரத்திலோதான் வரும். அதனால் வாங்குவதற்கு முன், மற்றவர்கள் ஆடிப் போடும் வீடியோ பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பகுதியைப் பார்க்காதீர்கள். ஒருவர் பத்துப் பகுதிகளாகப் போட்டிருந்தால் நான்காவதையும் ஒன்பதாவதையும் பாருங்கள். இந்த ஆட்டத்தில் யுகம் மாறும் இடத்தைத் தேடிப்பிடித்து, அதற்கு முன் அரை மணி, பின் அரை மணி பார்த்தால் போதும், உங்கள் மனது என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மே மாத விடுமுறையில் அக்கா மகன் வந்தான். இஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. நான் சொன்ன பேச்சைக் கேட்டு அவனும் வாங்கியிருந்தான், ஆனால் அவனுக்கு ஆட்டம் பிடித்துப்போயிருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"அந்த யுகம் மாறுற இடம் உனக்கு எரிச்சலா இல்லையாடா?"

"இல்ல மாமா, அதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. ஆறாவதுல நூத்தம்பதாவது டர்ன் வந்தா நான்தான் ஜெயிக்கப்போறேன்னு தெரிஞ்சிரும், அப்புறம் சும்மா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்டுனு அமுக்கிட்டே இருக்கணும். நான் ஒரு ஆட்டத்தக்கூட முழுசா முடிச்சதில்ல. இதுல ஒவ்வொரு யுகத்துலயும் எல்லாரும் கிட்டக் கிட்ட வந்துர்றாங்க, முடிக்கணும்னு தோணுது."

கொஞ்சம் பொறுத்து அவனே கேட்டான்: "நீங்க எத்தன ஆட்டம் முடிச்சிருக்கீங்க மாமா?"

கீழே போய்ப் பார்த்தேன். ஆயிரத்து நூறு மணி நேரத்தில் நான் கடைசிவரை முடித்தவை பதினான்கு. பாதியில் நின்ற சேவ்கள் எண்ணி முடியாது. பெரும்பாலானோர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை என்பதைத்தான் தயாரித்தவர்களும் இந்த யுகப் பிரிவுக்குக் காரணமாகச் சொல்லியிருந்தார்கள். அதாவது இந்த மாற்றம் ஒரு உண்மையான குறைக்கு வந்த தீர்வு. என் மருமகனுக்கு அந்தக் குறை இருந்தது. எனக்கும் இருந்தது, ஆனால் எனக்கு அது குறையாகவே தோன்றியதில்லை.

அவன் அடுத்துக் கேட்டதைத்தான் வாங்கும் முன் நானே என்னைக் கேட்டிருக்க வேண்டும். "அப்ப ஆறாவதுல உங்களுக்கு எந்த நேரம் ரொம்பப் புடிக்கும்?"

யோசிக்காமல் வந்தது பதில். கி.மு. 4000-இல் தொடங்கி கொஞ்ச டர்ன் கழித்துச் செய்த ஒரு வில்லாளிப் படை. அதை வைத்துக் காட்டுமிராண்டிகளை விரட்டி, மலை இடுக்கில் காவல் வைத்து, காசு சேர்த்துக் குறுக்குவில் படையாக்கி, இன்னும் நூறு டர்ன் கழித்து அதே படை பீரங்கிகளோடு அதே மலை இடுக்கில் நிற்கும். அதன் பதவி உயர்வு ஒவ்வொன்றும் எந்தச் சண்டையில் வந்தது என்று எனக்கு நினைவிருக்கும். ஜெயிப்பதைவிட எனக்கு அதுதான் பெரிது. ஒரே மக்கள், ஒரே மண், அறுபது நூற்றாண்டு, இடையில் அறாத ஒரே கதை.

ஏழாம் பாகத்தில் படைகளுக்குப் பதவி உயர்வு கிடையாது, தளபதிக்கு மட்டும்தான். யுகத்துக்கு யுகம் கதை அறுந்து புதிதாகத் தொடங்குகிறது. எனக்கு உயிராக இருந்த இரண்டும் போய்விட்டன. அவனுக்குத் தொல்லையாக இருந்தவையும் அதே இரண்டுதான். ஆட்டம் நல்லதா கெட்டதா என்று நாங்கள் இருவரும் எத்தனை நாள் பேசினாலும் தீராது.

சிவிலைசேஷன் வரிசையைத் தொடங்கிவைத்த சிட் மெய்யரின் ஆட்டங்களைச் செய்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. தொடர் பாகம் என்றால் மூன்றில் ஒரு பங்கு பழையது அப்படியே இருக்க வேண்டும், ஒரு பங்கு பழையதைச் சீர்செய்ததாக இருக்க வேண்டும், ஒரு பங்கு முற்றிலும் புதிதாக இருக்க வேண்டும். அவர்களே வெளியில் சொல்வது இது. அப்படியென்றால் நான் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி எந்தப் பங்கில் விழுந்திருக்கிறது? ஊர் வைப்பது பிடிக்கும் என்றால் இந்தப் பாகத்தில் அது சீர்செய்த பங்கில் இருக்கிறது, யோசிக்காமல் வாங்கலாம். போர் பிடிக்கும் என்றாலும் தளபதி முறை முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. நீண்ட கதை பிடிக்கும் என்றால் அது புதிய பங்கின் கீழே நசுங்கியிருக்கிறது, பொறுத்திருந்து பார்ப்பதுதான் சரி.

பொறுப்பது பற்றியும் ஒன்று. ஐந்தாம் பாகத்தை இன்று கொண்டாடுகிறோம், ஆனால் 2010-இல் அது வந்தபோது நான்காம் பாகத்தில் இருந்த மதமும் உளவும் அதில் இல்லை. 2012, 2013-இல் வந்த இரண்டு விரிவாக்கங்களுக்குப் பிறகுதான் நாம் அறிந்த ஐந்தாம் பாகமே உருவானது. நான் அதற்குள் நுழைந்தது அதற்கு அப்புறம் என்பதால் அந்த முதல் மூன்று ஆண்டுத் தகராறு எனக்குத் தெரியாமலே போயிற்று, முதல் நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் பாகத்திலும் இதே கதைதான். வெற்றிக்குப் பிறகு தொடர்ந்து ஆடும் "ஒன் மோர் டர்ன்" வசதியே வெளியீட்டில் இல்லை, இரண்டு மாதம் கழித்து ஏப்ரலில் வந்தது. பெரிய மேப்கள் ஆண்டின் நடுவில் வந்தன. திரையில் தகவல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்த இடங்களும் ஒவ்வொரு அப்டேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டு வந்தன.

ஆகவே குறைகளைக் கேள்விப்படும்போது நான் இப்போது இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். இன்னும் வந்துசேராதவை ஒரு பக்கம்: மேப் அளவு, பட்டன், எழுத்தின் அளவு, விட்டுப்போன நாகரிகங்கள். இவை வரும், காத்திருந்தால் விலையும் குறையும். வேண்டுமென்றே அப்படி முடிவெடுத்துச் செய்தவை இன்னொரு பக்கம்: யுகங்கள், நாகரிகம் மாறுவது, பதவி உயர்வு தளபதிக்கு மட்டும் என்பது. இவை மாறும் என்று நம்பி வாங்கக்கூடாது. இந்த இரண்டாம் வகையிலும் சில நேரம் இறங்கி வருகிறார்கள். யுகம் மாறும்போது படைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் ஒரு அமைப்பைச் சில மாதம் கழித்துச் சேர்த்தார்கள், ஒரே நாகரிகத்தைக் கடைசிவரை வைத்து ஆடும் முறையைச் சோதிக்கப்போவதாக 2025 கடைசியில் அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனாலும் அறிவிப்பை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், கைக்கு வந்தபின் வாங்குங்கள்.

ஸ்டீம் விமர்சனங்களையும் நான் இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். எத்தனை சதவீதம் பேர் பிடித்தது என்றார்கள் என்பதை விட்டுவிடுவேன். ஒவ்வொருவரும் எழுதும்போது எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார் என்று அங்கேயே போட்டிருக்கும். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதியவர்களை முதலில் தேடுவேன், அவர்களுக்கு ஆட்டம் முழுக்கத் தெரியும். அவர்கள் சொல்லும் குறையைப் படித்து, "இது எனக்கு வலிக்குமா" என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். இந்த ஆட்டத்தைப் பற்றி ஒருவர் குறையாக எழுதியிருந்தது, ஒவ்வொரு யுகத்திலும் குறிக்கோள் பட்டியல் கொடுத்து அதன்படி ஆடச் சொல்கிறது என்பது. பழங்கால யுகத்தில் ஏழு அதிசயம் கட்டு, இத்தனை ஏட்டுச்சுவடி சேர் என்று வரும். அவருக்கு அது கட்டளை மாதிரி இருந்திருக்கிறது. என் மருமகனுக்கோ அது வழிகாட்டி, புதிதாக ஆடுபவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிகிறதே என்கிறான். ஒரே வரியைப் படித்து ஒருவர் வாங்காமல் இருக்கலாம், இன்னொருவர் வாங்கலாம்.

கம்ப்யூட்டர் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கிறது, 16 இருந்தால் நல்லது. விலை கூடிய பதிப்பு பற்றியும் நீட்ட வேண்டாம், ஐந்து நாள் முன்னதாக ஆடியதால் எனக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் தொடாமல் கிடந்ததை நான் மறுபடி திறந்ததற்கும் அக்கா மகன்தான் காரணம். ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, பையைக் கட்டிக்கொண்டே சொன்னான். "மாமா, முதல் யுகத்துலேர்ந்துதான் தொடங்கணும்னு ஒண்ணும் இல்ல. நடு யுகத்துலேர்ந்தே தொடங்கலாம், நேரா சோழர எடுங்க." அது எனக்குத் தெரியாது. ஆட்டம் அமைக்கும் திரையிலேயே எந்த யுகத்தில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். யுகக் கடைசியில் வரும் கலகம், கொள்ளைநோய் போன்ற நெருக்கடிகளையும் அங்கேயே நிறுத்தி வைக்கலாம்.

அன்று இரவு அப்படித்தான் ஆடினேன். முழு வரலாற்றை ஆடுகிறேன் என்ற எதிர்பார்ப்பை இறக்கி வைத்துவிட்டு, சோழர் காலத்தை மட்டும், ஒரு தனி ஆட்டமாக. கடலோரத்தில் தலைநகரம். பாடலிபுத்திரம் என்ற பெயர் எங்கும் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் தூர தேசத்தில் ஊர் வைத்து, அங்கே கிடைக்கும் அரும்பொருளைப் புதையல் கப்பலில் ஏற்றித் தாயகத்துக்குக் கொண்டுவருவதுதான் அந்த யுகத்தின் வணிகக் குறிக்கோள், சோழருக்கென்றே செய்த மாதிரி இருந்தது. இரண்டு கலங்கள் முன்னும் பின்னும் காவலாக வர, அந்தக் கப்பலை ஒவ்வொரு டர்னாக நகர்த்திக்கொண்டு வந்தேன். நடுக்கடலில் எதிரிக் கப்பல் ஒன்று மறித்தது. முன்னால் வந்த கலம் பாதி உயிரோடு தப்பியது, சரக்கு கரை சேர்ந்தது. மணி ஒன்றரை ஆகியிருந்தது. பெரிய கோயிலைக் கட்ட இன்னும் ஆறு டர்ன் பாக்கி என்று காட்டியது, கட்டி முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

இப்போது இரண்டும் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நீண்ட விடுமுறை என்றால் ஆறாம் பாகம், அந்த வில்லாளிப் படைக்காக. சனிக்கிழமை இரவு மட்டும் கையில் இருந்தால் ஏழாம் பாகத்தின் நடு யுகம். நவீன காலத்துக்கு நான் இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை. மருமகன் போய் வந்துவிட்டான், மனிதனை விண்வெளிக்கு அனுப்பி ஜெயித்த திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான், கீழே "முடிச்சிட்டேன் மாமா" என்று ஒரே வரி.